அவித்த நண்டு எங்கே சொதப்புகிறது? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நண்டு அவிப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். பெரிய பாத்திரம், உப்புத் தண்ணீர், கொஞ்சம் மசாலா, கூடவே உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும். தாளிப்பு கிடையாது, அரைப்பு கிடையாது. எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு முதல்முறை அவித்த அன்று மூடியைத் திறந்தால், கால்கள் ஒரு பக்கம் மிதக்கின்றன, உடல்கள் ஒரு பக்கம் கிடக்கின்றன. உருளைக்கிழங்கு நடுவில் நறுக்கென்றது. நண்டு பார்க்கச் செக்கச்செவேல், உடைத்தால் உள்ளே கோழை மாதிரி. குழம்பாக இருந்திருந்தால் மசாலா மானத்தைக் காப்பாற்றியிருக்கும். வெறும் தண்ணீரில் வேகும் பண்டத்துக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவித்தாயிற்று. கெட்டுப்போன பாத்திரங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான பிழைகள் கொதிக்கும்போது நடந்தவை அல்ல. அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பும், அடுப்பை அணைத்த பிறகும் நடந்தவை. அதனால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள். காரணம் பல சமயம் நீங்கள் சந்தேகப்படும் இடத்தில் இருக்காது.

முதலில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான அளவு

நாலைந்து பேருக்கு, ஆளுக்கு இரண்டு நடுத்தர நண்டு என்று வைத்தால் 2 கிலோ வரும். 1 கிலோ நண்டுக்கு குறைந்தது 4 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 30 கிராம் உப்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கீழே. பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது, நண்டு இறங்கும்போது மட்டம் உயரும். வீட்டில் இருப்பது 10 லிட்டர் பாத்திரம்தான் என்றால் 6 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒன்றரை கிலோவுக்கு மிகாமல் போட்டு, மீதியை இரண்டாம் நடையாக அவியுங்கள்.

உப்பும் மசாலாவும் 15 நிமிடம் கொதித்த பிறகு உருளைக்கிழங்கு. அது முக்கால் பதம் வெந்ததும் நண்டு. நண்டைப் போட்டவுடன் கொதி அடங்கிவிடும், தண்ணீர் மறுபடி கொதிக்கத் தொடங்கும் நொடியிலிருந்துதான் நேரக் கணக்கு. 200 முதல் 250 கிராம் நண்டுக்கு 8 முதல் 10 நிமிடம், அரை கிலோ நண்டுக்கு 12 முதல் 15, ஒரு கிலோ எடையுள்ள முரட்டு நண்டுக்கு 18 முதல் 20. சோளத்தைக் கடைசி ஐந்தாறு நிமிடத்தில் போட்டால் போதும். அடுப்பை அணைத்து, எலுமிச்சை பிழிந்து, 15 நிமிடம் ஊறவிட்டு வடிக்க வேண்டும்.

இதுதான் அளவுகோல். இனி கோளாறுகள்.

நண்டு அசையவே இல்லை, அல்லது மூக்கைத் துளைக்கும் வாடை

அசையாத நண்டெல்லாம் செத்த நண்டு இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது குளிரில் மரத்துப் போயிருக்கலாம். பத்து நிமிடம் வெளியே வைத்து, வாய்ப் பக்கமோ கண்ணின் தண்டையோ குச்சியால் தொட்டுப் பாருங்கள். உயிருள்ளது கண்ணை உள்ளே இழுக்கும், வாயுறுப்பை அசைக்கும். தூக்கிப் பிடித்தால் கால்கள் துவண்டு தொங்கி, எதைத் தொட்டாலும் அசைவே இல்லை என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது.

செத்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாத நண்டைப் பாத்திரத்தில் போடாதீர்கள். காரணம் வெறும் அருவருப்பு இல்லை. நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் நிறைய. உயிரோடு இருக்கும்வரை அவை கட்டுக்குள் இருக்கும். செத்ததும் சுவர் உடைந்து, பக்கத்தில் இருக்கும் சதையையே தின்னத் தொடங்கும். கூடவே பாக்டீரியாவும் பெருகும். தலைமுடிச் சாயத்தை நினைவுபடுத்தும் அந்த அமோனியா நெடி வந்துவிட்டதென்றால் எலுமிச்சையோ மிளகாயோ எதுவும் அதை மூடாது. ஒரு கெட்ட நண்டு ஒரு பாத்திரத் தண்ணீரையே நாறடிக்கும். எறிந்துவிடுங்கள், மனம் கேட்கவில்லை என்றாலும்.

வாங்கி வந்தது உயிரோடுதான், வீட்டில் வைத்தபோதுதான் செத்தது என்றால், இரண்டில் ஒன்றைச் செய்திருப்பீர்கள். பிளாஸ்டிக் பையின் வாயைக் கட்டி வைத்திருப்பீர்கள், அல்லது பாவம் என்று வாளித் தண்ணீரில் விட்டிருப்பீர்கள். கடல் நண்டுக்கு நல்ல தண்ணீர் எமன். உப்புத் தண்ணீராகவே இருந்தாலும் வாளியில் உள்ள காற்று சீக்கிரம் தீர்ந்துபோகும். செவுள் ஈரமாக இருந்தால் நண்டு வெளிக்காற்றையே கொண்டு பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். திறந்த கூடையில் போட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அன்றே அவிப்பது நல்லது.

கால்களும் கொடுக்குகளும் கழன்று மிதக்கின்றன

இது என் முதல் அவமானம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதிக நேரம் வெந்ததால்தான் கால் கழன்றது என்று அன்று நினைத்தேன், அடுத்த முறை நேரத்தைக் குறைத்தேன். காலும் கழன்றது, நண்டும் வேகவில்லை.

நண்டு தன் காலைத் தானே கழற்றும். எதிரி காலைப் பிடித்துக்கொண்டால் அதை விட்டுவிட்டு ஓடும் தந்திரம் அது. ஒவ்வொரு காலின் அடியிலும் அதற்கென்றே ஒரு முறியும் கோடு உண்டு. துடிப்பாக இருக்கும் நண்டைக் கொதிநீரில் போட்டால் அந்தத் தந்திரம் வேலை செய்யும். கால் போன ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து உடல் சதையின் சுவையும் நீர்த்துப்போகும்.

மருந்து குளிர். அவிப்பதற்கு முன் நண்டை ஃப்ரீசரில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள், பெரியதென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அல்லது உப்புக் கலந்த பனிக்கட்டித் தண்ணீரில் முழுக வையுங்கள். தொட்டால் அசையாத அளவுக்கு மரத்துப்போக வேண்டும், கல்லாக உறையக் கூடாது. துடிக்கத் துடிக்கக் கொதிநீரில் போடுவதைவிட நண்டுக்கும் இது குறைந்த வதை. நண்டு, இறால் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்கும் சட்டம் பிரிட்டனில் 2022-இல் வந்தது. சிங்கி இறாலை மயக்கமுறச் செய்யாமல் கொதிநீரில் போடுவதற்கு சுவிட்சர்லாந்து 2018-இலேயே தடை போட்டது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, பாத்திரத்துக்குள் நண்டு பிறாண்டும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் அடுத்த முறை குளிரவைக்காமல் போடமாட்டார்கள்.

போடும்போது கொத்தாக எறியாமல், பின்னங்கால் பக்கம் இடுக்கியால் பிடித்து, தலைகீழாக ஒவ்வொன்றாக இறக்குங்கள். கொடுக்கைக் கட்டியிருப்பது நூலாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். ரப்பர் பேண்ட் என்றால் மரத்துப்போன பிறகு வெட்டி எடுத்துவிடுங்கள், வெந்த ரப்பரின் வாடை தண்ணீரில் இறங்கும்.

ஓடு சிவந்துவிட்டது, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது

நிறத்தை நம்பியது தப்பு. நண்டு ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி எப்போதுமே இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்து நீலமாகவோ பச்சையாகவோ காட்டும். சூடு பட்டதும் அந்தப் புரதம் குலைந்து சிவப்பு வெளிவரும். ஓடுதான் முதலில் சூடாகிறது, ஆகவே ஓடுதான் முதலில் சிவக்கிறது. சதைக்கு அந்தச் செய்தி போய்ச்சேர இன்னும் பல நிமிடம் ஆகும்.

பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. இருப்பதில் பெரிய நண்டை எடுத்து, கடைசி ஜோடிக் கால் உடலோடு சேரும் மூட்டைத் திருகி இழுங்கள். அங்கேதான் சதை உருண்டையாகத் திரண்டிருக்கும். சாம்பல் நிறத்தில் ஊடுருவிப் பார்க்கும்படி, விரலில் வழுவழுவென்று ஒட்டினால் வேகவில்லை. வெந்த சதை பால் வெள்ளை, விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரியும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் அதே இடத்தில் குத்துங்கள், 63 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். கடல் நண்டில் விப்ரியோ என்ற பாக்டீரியா இருப்பது சகஜம். அரைவேக்காட்டு நண்டு வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அதன் வேலைதான்.

வேகவில்லை என்று தெரிந்தால் வெட்கப்படாமல் திரும்பக் கொதிநீரில் போடுங்கள், நாலு நிமிடம், மறுபடி சோதனை. அடுத்த முறைக்கு யோசிக்க வேண்டியது தண்ணீரின் அளவு. தண்ணீர் குறைவு, நண்டு அதிகம், அதுவும் குளிரவைத்த நண்டு என்றால் கொதி திரும்ப பத்துப் பன்னிரண்டு நிமிடம்கூட எடுக்கும். போட்ட நொடியிலிருந்து டைமரை ஓடவிட்டிருந்தால் அது வெதுவெதுப்பில் குளித்த நேரத்தையும் சேர்த்து எண்ணியிருக்கும். மூடி போட்டு, அடுப்பை முழு வேகத்தில் வைத்து, கொதி வந்த பிறகு எண்ணுங்கள்.

சதை பொதபொதவென்று, மாவு மாதிரி

இதற்கு மூன்று வழி உண்டு. வாடையும் சேர்ந்து வந்தால், மேலே சொன்னபடி செத்த நண்டு. வாடை இல்லை, ஆனால் சதை குழைந்து வருகிறது என்றால், நிதானமாகச் சூடேறியிருக்கிறது. பச்சைத் தண்ணீரில் நண்டைப் போட்டு அடுப்பை மூட்டினாலும் சரி, பாத்திரத்தை நெருக்கி நிரப்பினாலும் சரி, அந்த நொதிகள் இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாகிச் சதையைக் கரைத்துவிடும். கொதி அவற்றை உடனே அடக்கும், இளஞ்சூடு தட்டி எழுப்பும்.

மூன்றாவது, வாடையும் இல்லை, குழையவும் இல்லை, ஆனால் ஓட்டுக்குள் சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம். கொடுக்கை உடைத்தால் பாதி காலி. இது உங்கள் சமையல் பிழை இல்லை, வாங்கியதிலேயே பிழை. நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிப்போட்டு, தண்ணீரை உறிஞ்சி உப்பி, பெரிய ஓடு போட்டுக்கொள்ளும். அந்த ஓட்டை நிரப்பும் அளவுக்குச் சதை வளரக் கொஞ்ச காலம் ஆகும். அந்த இடைவேளையில் அகப்பட்டதைத் தண்ணி நண்டு என்பார்கள். பார்வைக்குப் பெரிசு, பளபளவென்று புதுசு, கையில் எடுத்தால் லேசு.

அடுத்த முறை அழகைப் பார்க்காதீர்கள். ஒரே அளவில் இரண்டை இரண்டு கையில் ஏந்தி, கனமானதை எடுங்கள். அடிப்பக்கத்தில், காலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம். ஓடு மங்கலாக, கீறலும் சிப்பியும் ஒட்டிக் கிழடு தட்டி இருந்தால் கழற்றி நாளாகிவிட்டது என்று அர்த்தம், உள்ளே சதை இருக்கும். வயிற்று மடிப்பு ஒடுங்கி இருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். மடிப்புக்கு வெளியே முட்டைக் கொத்து தொங்கும் பெண் நண்டைப் பிடிக்கவே பல நாடுகளில் தடை உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

ரப்பர் மாதிரி இழுக்கிறது, ஓட்டை விட்டு வரமாட்டேன் என்கிறது

அதிக நேரம் வெந்தது. ஆனால் டைமர் சரியாக அடித்தபோதே அணைத்தேனே என்கிறீர்களா? அணைத்தீர்கள், தண்ணீர் அணையவில்லை. மூடி போட்ட பெரிய பாத்திரத்தில் சூடு நெடுநேரம் நிற்கும். ஊறட்டும் என்று விட்ட அரை மணி நேரமும் நண்டு வெந்துகொண்டேதான் இருந்தது.

அணைத்ததும் மூடியைத் திறந்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்த சோளத்துண்டுகள் இருந்தால் கடைசியில் அவற்றைக் கொட்டலாம், சோளமும் வேகும், தண்ணீரும் தணியும். இல்லையென்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய தொட்டியில் இறக்கி வையுங்கள். சதை ஓட்டில் ஒட்டுவது அரைவேக்காட்டிலும் நடக்கும் என்பதால், பால் வெள்ளைச் சோதனையைச் செய்துவிட்டே முடிவுக்கு வாருங்கள். ஏற்கெனவே ரப்பராகிவிட்டதைத் திருப்ப முடியாது. பிய்த்துப் பொடியாக்கி வெண்ணெயில் புரட்டினால் ஒப்பேற்றலாம்.

சப்பென்று இருக்கிறது, மேலே காரம், உள்ளே ஒன்றுமில்லை

எனக்கு அதிகம் பேர் சொல்லும் குறை இது, எல்லோரும் மசாலாவைக் கூட்டியே இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். மசாலா போதாமல் இல்லை. நுழைய நேரமும் வழியும் கிடைக்கவில்லை.

நண்டு ஒரு பெட்டி. பத்து நிமிடக் கொதியில் மூட்டு இடுக்குகள் வழியாகக் கொஞ்சமே உள்ளே போகும். அடுப்பை அணைத்த பிறகு ஊறும் நேரத்தில்தான் உண்மையான சுவை ஏறுகிறது. சூட்டில் விரிந்திருந்த காற்றும் சாறும் ஆறும்போது சுருங்க, வெளித் தண்ணீர் உள்ளே இழுபடுகிறது. மிதந்துகொண்டிருந்த நண்டுகள் ஊற ஊறக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். அதுதான் எடுக்கலாம் என்பதற்கான அடையாளம். அமெரிக்காவில் லூசியானா பக்கம் அவிப்பவர்கள் இந்த ஊறலுக்குக் கொதியைவிட அதிக மரியாதை கொடுப்பார்கள். மேரிலாந்துக்காரர்கள் நேர் எதிர், நண்டை ஆவியில் வேகவைத்து மசாலாவை ஓட்டின் மேலேயே அப்பிவிடுவார்கள், உண்பவர் விரல் வழியாக அது சதைக்குப் போகும். இரண்டும் நியாயமான வழி. இரண்டுக்கும் நடுவில், மசாலாவைக் கொதிநீரில் தூவிவிட்டு உடனே நண்டைப் போட்டு உடனே வடிப்பதுதான் உதவாது.

இன்னொன்று, உப்பு தண்ணீரில் கரையும், மசாலாவின் மணமும் மிளகாயின் காரமும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். கடுகு, கொத்தமல்லி விதை, மிளகு, கிராம்பு, மிளகாய், பிரிஞ்சி இலை என்று எது போட்டாலும் ஒன்றிரண்டாகத் தட்டி, நண்டுக்கு முன்பே 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தண்ணீரில் ஒரு கரண்டி வெண்ணெய் சேருங்கள். பூண்டை முழுசாகக் குறுக்கே வெட்டிப் போடுங்கள், வெந்த பூண்டைப் பிதுக்கி வெண்ணெயோடு குழைத்தால் தொட்டுக்கொள்ள வேறெதுவும் தேவையில்லை. நண்டு இறங்குவதற்கு முன் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து ஆற்றிச் சுவையுங்கள். ‘ஐயோ உப்பு’ என்று முகம் சுளிக்க வேண்டும். குடிக்க இதமாக இருந்தால் நண்டில் ஒன்றும் ஏறாது. நண்டு போட்ட பிறகு அந்தத் தண்ணீரைச் சுவைக்காதீர்கள், கொதித்து முடியும்வரை அது பச்சைத் தண்ணீர்தான்.

இப்போதே மேஜையில் இருக்கும் சப்பை நண்டுக்கு ஒரு வழி: உருக்கிய வெண்ணெயில் அதே மசாலாவின் பொடியையும் உப்பையும் கலந்து, ஓட்டை உடைத்த பிறகு மேலே ஊற்றிக் கிளறுங்கள். உடைப்பதற்கு முன் ஊற்றினால் விரலுக்குத்தான் ருசி.

உப்புக் கரிக்கிறது

ஊறல் நீண்டுவிட்டது. கொதிக்கிற வெறும் தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுங்கள், உப்பில்லாத வெண்ணெயும் எலுமிச்சையும் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். உருளைக்கிழங்கு நண்டைவிட வேகமாக உப்பை உறிஞ்சும், ஆகவே வெந்ததும் அதை முதலில் எடுத்துவிடுவது நல்லது.

நண்டு வெந்துவிட்டது, உருளைக்கிழங்கு நறுக்கென்கிறது

பெரிய கிழங்காகப் போட்டீர்களா? நாலைந்து செண்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பாதியாக வெட்டுங்கள். சின்னக் கிழங்குதான், 20 நிமிடம் கொதித்தும் வேகவில்லை என்றால், எலுமிச்சையையோ வினிகரையோ எப்போது ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். காய்கறியின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் புளிப்புத் தண்ணீரில் எளிதில் கரையாது. புளி கரைத்து ஊற்றிய பிறகு காய் வேகாது என்று வீட்டில் சொல்வார்களே, அதே விஷயம்தான். மசாலாவோடு சேர்த்து ஆரம்பத்திலேயே நாலு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு கிழங்கைக் குறை சொன்னவன் நான். புளிப்பு அடுப்பை அணைத்த பிறகு.

அந்தச் சமயத்தில் அவசரத்துக்கு, கிழங்கை மட்டும் தனியாக வெறும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். நண்டைக் காத்திருக்க வைக்காதீர்கள். புளிப்புச் சேர்ப்பதாலேயே அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், லேசாக உலோக வாடை ஏறும். எவர்சில்வரோ எனாமலோ சரி.

உள்ளே என்னென்னமோ நிறம்

விருந்தாளிகள் ஓட்டைத் திறந்ததும் கேள்வி மேல் கேள்வி வரும். மூட்டுகளில் தயிர்க்கட்டி மாதிரி வெள்ளையாக இருப்பது உறைந்த இரத்தம், ஒன்றும் செய்யாது. நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு இல்லை, செம்பு. அதனால்தான் சதையில் சில சமயம் நீலமோ கருமையோ படர்கிறது. வாடை சுத்தமாக இருந்தால் பயமில்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. இரண்டு பக்கமும் விரல் விரலாகச் சாம்பல் நிறத்தில் இருப்பவை செவுள்கள். விஷம் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். விஷமில்லை, ஆனால் பஞ்சை மெல்வது போல இருக்கும், அழுக்கு வடிகட்டும் இடமும் அதுதான். பிய்த்து எறியுங்கள். செம்மஞ்சளாகக் கெட்டியாக இருப்பது சினை, தாராளமாகச் சாப்பிடலாம்.

மஞ்சளும் பச்சையுமாகக் குழம்பு போல் இருப்பது நான் மேலே சொன்ன செரிமானச் சுரப்பி. அதன் ருசிக்கு அடிமையானவர்கள் உண்டு, நானும் ஒரு காலத்தில். ஆனால் கடலில் இருக்கும் கன உலோகங்களும் பாசி நச்சும் சேர்வது அங்கேதான். கலிஃபோர்னியாவில் 2015 நவம்பரில் தொடங்க வேண்டிய டஞ்சனஸ் நண்டுப் பருவம் தள்ளிப்போனதே டோமோயிக் அமிலம் என்ற பாசி நச்சால்தான். அது கொதியில் அழியாது, தண்ணீரில் இறங்கும். நண்டு பிடித்த இடத்தைப் பற்றி எச்சரிக்கை இருந்தால் அந்த நண்டையே வாங்காதீர்கள். எச்சரிக்கை இல்லாதபோதும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தக் குழம்பைக் கொடுக்காதீர்கள், அவித்த தண்ணீரை ரசமாக்கவும் வேண்டாம். ரசம் வேண்டுமென்றால் சதை எடுத்த பிறகு கால், கொடுக்கு ஓடுகளைத் தனியாகக் கொதிக்கவையுங்கள்.

மணல் நறநறக்கிறது என்றால் தேய்த்துக் கழுவவில்லை. குளிரவைத்த பிறகு, ஓடும் தண்ணீரில், பிரஷ்ஷால், காலிடுக்கிலும் வயிற்று மடிப்புக்குள்ளும்.

உறைந்த கால்களை வாங்கினேன், நேரப்படிதான் அவித்தேன், சக்கையாகிவிட்டது

கிங் கிராப், ஸ்னோ கிராப் கால்கள் பொதுவாக அவித்து உறையவைத்தே விற்பனைக்கு வருகின்றன. ஓடு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அது வெந்தது. நீங்கள் செய்தது இரண்டாம் சமையல். இரவே ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்து உருகவிட்டு, மசாலாத் தண்ணீரில் நாலைந்து நிமிடம் சூடுபடுத்தினால் போதும். உறையவைக்கும்போதே உப்பு ஏறியிருக்கும், தண்ணீரில் உப்பைப் பாதியாக்குங்கள்.

நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது

நண்டிலிருந்து கசிந்த புரதம். அரித்து எடுங்கள், மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

கண்ணும் உதடும் எரிகிறது. யாரோ ஒருவருக்கு மட்டும் அரிக்கிறது

எல்லோருக்கும் எரிந்தால் மிளகாய். கையில் முதலில் எண்ணெய் தடவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதற்கு முன் கண்ணைத் தொடாதீர்கள். ஒருவருக்கு மட்டும் உதடு தடித்து, தொண்டை அரித்து, தோலில் தடிப்பு வந்தால் அது ஒவ்வாமை. சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ தலைசுற்றலோ இருந்தால் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று உட்காராமல் உடனே மருத்துவமனை. ஒவ்வாமை உண்டாக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் கொதியில் அழிவதில்லை, அதே தண்ணீரில் வெந்த கிழங்குக்கும் சோளத்துக்கும் அது தொற்றும். ‘நான் நண்டைத் தொடமாட்டேன், சோளம் மட்டும் போதும்’ என்று சொல்லும் விருந்தாளிக்குத் தனிப் பாத்திரம் வேண்டும். ஆவியே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். கூப்பிடும்போதே கேட்டுவிடுவது நல்லது.

நன்றாகத்தான் வெந்தது, ஆனாலும் எல்லோருக்கும் வயிறு கலங்கியது

வடித்த நண்டை எதில் கொட்டினீர்கள்? உயிர் நண்டு வந்த அதே கூடையிலா? பச்சையைத் தொட்ட இடுக்கியாலேயே வெந்ததையும் எடுத்தீர்களா? கொதி கொன்ற பாக்டீரியாவை அந்தக் கூடை திரும்பக் கொடுத்துவிடும். தட்டு, இடுக்கி, கை எல்லாம் தனி. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைச் சாப்பிடாதீர்கள், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளென்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

பேச்சு சுவாரசியத்தில் மிஞ்சிப்போவது உண்டு. முழு நண்டாக ஃப்ரிட்ஜில் வைக்காமல் அன்றிரவே சதையை எடுத்து மூடிய டப்பாவில் வையுங்கள், ஓரிரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். கூட்டமாக உட்கார்ந்து பிய்த்தால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை அது. சமைத்தவரிடம் தனியாக விட்டுவிட்டுப் போனால் நள்ளிரவாகும்.

மறுநாள் காலை வீடே நாறுகிறது

ஓடுகள். குப்பைக்கூடையில் போட்டு மூடினால் விடிவதற்குள் தெருவே கேட்கும். பையில் போட்டு இறுக்கிக் கட்டி, குப்பை எடுக்கும் நேரம் வரை ஃப்ரீசரில் வையுங்கள். பையின் மேல் எழுதி ஒட்டுவதும் நல்லது. ஒருமுறை எங்கள் வீட்டில் அதை யாரோ மீனென்று நினைத்து இரண்டு நாள் கழித்து உருகவைத்தார்கள்.